இந்தோசீனா வங்கி நோட்டுகளைச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு: தேர்வு முதல் சுங்கம் வரை

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்காகப் பாரிஸில் 1875-இல் தொடங்கப்பட்ட இந்தோசீனா வங்கி, சைகோனிலிருந்து புதுச்சேரி, ஜிபூத்தி, பசிபிக் தீவு ஊர்களான நூமெயா, பப்பேத்தே வரை நோட்டு வெளியிட்டது. இந்த நோட்டுகளின் அழகைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு இவற்றை வாங்கிச் சேர்க்கும் நடைமுறையைப் பற்றித் தமிழில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. பார்சல் சுங்கத்தில் நின்ற பிறகுதான் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்பதையே நான் தெரிந்துகொண்டேன். தரக் குறியீடு, பணம் அனுப்புவது, தீர்வை எல்லாவற்றையும் அங்கங்கே விசாரித்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. புதிதாக வருபவர்கள் அந்த அலைச்சல் படக்கூடாது என்பதற்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் எல்லையைக் குறுக்குங்கள்

"பழைய வெளிநாட்டு நோட்டு" என்று பொதுவாகத் தொடங்கினால் பணம் சிதறும், ஒன்றும் சேராது. ஒரே வங்கி, அதிலும் ஒரே பிரதேசம் என்று பிடியுங்கள். இந்தோசீனாவில் புழங்கியவை பியாஸ்தர் நோட்டுகள். புதுச்சேரியில் புழங்கியவை ரூபாய் நோட்டுகள். ஜிபூத்தி, நூமெயா, பப்பேத்தே ஆகிய ஊர்களுக்கு வந்தவை பிராங்க் நோட்டுகள். ஷாங்காய், ஹான்கோ போன்ற சீனக் கிளைகளுக்கும் தனி நோட்டுகள் உண்டு. ஆனால் அவை புதியவருக்கு எட்டும் விலையில் வருவதில்லை.

நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் புதுச்சேரி நோட்டிலிருந்து தொடங்கத்தான் ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் தொடங்கும் இடம் அதுவல்ல. புதுச்சேரி நோட்டுகள் குறைவாகவே வெளிவந்தன, தப்பிப் பிழைத்தவை அதிலும் குறைவு. ஏலத்துக்கு ஒன்று வந்தால் உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் போட்டி போடுகிறார்கள். ஒரு நோட்டின் தாளை, மையை, மடிப்பைப் பார்த்துச் சொல்லும் கண் உங்களுக்கு வருவதற்கு முன்பே அந்தப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

என் யோசனை: 1932 முதல் 1949 வரை வெளிவந்த 1 பியாஸ்தர் நோட்டில் தொடங்குங்கள். தலைக்கவசம் அணிந்த பெண்ணுருவம் கொண்டது. ஏராளமாக அச்சானதால் புழங்கிய நிலையில் மலிவாகக் கிடைக்கும். அதே நோட்டில் பல கையெழுத்து வகைகள் இருப்பதால் படிப்பதற்கும் நல்லது. அடுத்து 5, 20 பியாஸ்தர். 100 பியாஸ்தரும் 500 பியாஸ்தரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயரோ சின்னமோ மேலே தனியாக முத்திரை குத்தப்பட்ட நோட்டுகளைக் கடைசியில் வையுங்கள். சாதாரண நோட்டில் பின்னாளில் யாரோ குத்திய முத்திரையை வைத்து விலையைப் பல மடங்கு ஏற்றி விற்பது இந்தத் துறையில் பழைய தந்திரம்.

2. நோட்டைப் படிக்கப் பழகுங்கள்

இந்த வங்கியின் பல நோட்டுகளில் தேதியே இருக்காது. அப்படியானால் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கையெழுத்தைப் பார்த்துத்தான். இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக வங்கியின் இரண்டு மேலதிகாரிகளின் கையெழுத்து இருக்கும். 1930, 40களின் நோட்டுகளில் அடிக்கடி எதிர்ப்படும் ஜோடிகள் மூன்று: தியோன் த லா ஷோம் – போதுவான், போர்தூஜ் – போதுவான், மினோஸ்ட் – லோரான். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் நாலைந்து நோட்டைப் பார்த்தாலே கண் பழகிவிடும்.

உலகம் முழுக்க விற்பவர்கள் பயன்படுத்துவது பிக் எண், அதாவது உலக நோட்டுகளின் பட்டியல் நூலில் ஒவ்வொரு நோட்டுக்கும் உள்ள எண். மேலே சொன்ன 1 பியாஸ்தர் நோட்டு இந்தோசீனப் பட்டியலில் 54. கையெழுத்து வகையைக் குறிக்க எண்ணுக்குப் பின்னால் ஆங்கிலச் சிற்றெழுத்து ஒன்று வரும். விற்பவர் 54 என்று மட்டும் போட்டுவிட்டு எழுத்தைப் போடாமல் விட்டிருந்தால், படத்தைப் பெரிதாக்கிக் கையெழுத்தை நீங்களே பாருங்கள். மலிவான வகைக்கும் அரிய வகைக்கும் உள்ள வித்தியாசம் சில நேரம் அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது.

அடிவிளிம்பையும் விடாதீர்கள். போர்க்காலத்தில் ஹனோயில் அச்சடித்த நோட்டுகளில் ஐ.டி.இ.ஓ. என்ற அச்சகக் குறி இருக்கும். அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி அச்சடித்தவற்றில் அந்தக் கம்பெனியின் பெயர் இருக்கும். யார் அச்சடித்தார்கள் என்று தெரிந்தால்தான் தாள் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. இந்தோசீனா என்று போட்டிருப்பதெல்லாம் இந்த வங்கியின் நோட்டு அல்ல. 1939 வாக்கில் வந்த சென்ட் மதிப்புள்ள சிறு நோட்டுகளை அரசாங்கமே வெளியிட்டது. 1950களில் கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்றுக்கும் பொதுவாக வந்தவை வேறொரு நிறுவனத்தின் நோட்டுகள். விற்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் அள்ளிப் போட்டிருப்பார்கள். சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

3. தரக் குறியீட்டை மனப்பாடம் செய்யுங்கள்

விலையில் பாதி தரத்தைப் பொறுத்தது. ஆங்கில முறையில் யு.என்.சி. என்றால் புழங்காத நோட்டு. அடுத்து ஏ.யு., இ.எஃப்., வி.எஃப்., எஃப்., வி.ஜி. என்று இறங்கும். இந்த வங்கியின் நோட்டுகளை அதிகம் விற்பவர்கள் பிரெஞ்சு வியாபாரிகள். அவர்களுடைய குறியீடே வேறு. டி.டி.பி. என்றால் ஏறக்குறைய வி.எஃப்., டி.பி. என்றால் எஃப்., வெறும் பி. என்றால் வி.ஜி. எஸ்.யு.பி. என்பது இ.எஃப். பக்கம் வரும். இந்தக் கணக்கு தெரியாமல் டி.பி. நோட்டுக்கு வி.எஃப். விலை கொடுப்பவர்கள் நிறைய.

ஊசித்துளை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு வங்கிகளில் நோட்டுக் கட்டுகளைக் குண்டூசியால் குத்தி வைக்கும் வழக்கம் இருந்தது. அதனால் நல்ல நிலையில் உள்ள நோட்டில்கூட இடது பக்கத்தில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் துளையே இல்லாத நோட்டுக்கு விலை கூடும் என்பதால் துளையை அடைத்து விற்பதும் நடக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள். அதில் துளை, கிழிசல், ஒட்டு எல்லாம் தெரிந்துவிடும். அந்தப் படத்தைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பி.எம்.ஜி. போன்ற நிறுவனங்கள் 70 புள்ளி அளவில் தரம் இட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. விலை உயர்ந்த நோட்டுக்கு அது தேவை. சில நூறு ரூபாய்க்கு வாங்கும் நோட்டுக்குக் கட்டணமே நோட்டின் விலையைத் தாண்டிவிடும். ஏற்கெனவே தரமிட்டு உறையில் உள்ளதை வாங்கினால் உறையில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் படத்தில் உள்ள சீரியல் எண்ணும் உங்கள் கையில் உள்ள சீரியல் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போலி உறையும் உண்டு.

4. கழுவியதையும் போலியையும் பிரிப்பது

முழுப் போலியைவிட, கழுவி அழுத்தித் தேய்த்த நோட்டுதான் புதியவரை அதிகம் ஏமாற்றுகிறது. அழுக்குப் போகக் கழுவி, இஸ்திரி போட்ட மாதிரி அழுத்தி, தரத்தை ஒரு படி கூட்டிச் சொல்லி விற்பார்கள். அறிகுறிகள்: தாள் துவண்டு போயிருக்கும், நிறம் சோகை பிடித்த மாதிரி இருக்கும், மடிப்புக் கோட்டில் மட்டும் மை உதிர்ந்திருக்கும். சிறிய புற ஊதா விளக்கு ஒன்று வாங்கி வையுங்கள். அந்தக் காலத் தாள் அதன் கீழே மங்கலாகத்தான் தெரியும். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் நவீனத் தாள், அல்லது சலவைத் தூள் பட்ட தாள்.

பிரான்ஸில் அச்சான நோட்டுகளில் நீர்க்குறி தாளுக்குள்ளேயே இருக்கும். வெளிச்சத்தில் நிழலும் ஒளியுமாகத் தெரியும். மேலே அச்சடித்த மாதிரித் தட்டையாகத் தெரிந்தால் விலகுங்கள். வியட்நாமுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கடைத்தெருவில் விற்கும் "பழைய பியாஸ்தர்" விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். வெள்ளிப் பியாஸ்தர் நாணயங்களில் போலி மலிந்திருப்பது ஊரறிந்த விஷயம். நோட்டுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

5. எங்கே வாங்குவது

தெல்காம்ப், ஈபே என்ற இரண்டு இணையச் சந்தைகளிலும் சில்லறையாகக் கிடைக்கும். பாரிஸில் சி.ஜி.பி. போன்ற கடைகள் நிலையான விலையிலும் ஏலத்திலும் விற்கின்றன. லண்டனின் ஸ்பிங்க் போன்ற ஏல நிறுவனங்களில் பெரிய நோட்டுகள் வரும். இந்தியாவில் மும்பை, பெங்களூரு, அகமதாபாத் ஏல நிறுவனங்களின் பட்டியலிலும் எப்போதாவது புதுச்சேரி நோட்டு தலைகாட்டும். இந்திய ஏலத்தில் பதிவு செய்ய பான், ஆதார் நகல் கேட்பார்கள். அதை ஏலத்துக்கு முந்தின நாள் செய்யாதீர்கள். சரிபார்த்து அனுமதி தர நேரம் எடுக்கும்.

கொஞ்சம் விலை கூடினாலும் இந்தியாவுக்குள் வாங்குவது முதல் சில நோட்டுகளுக்கு நல்லது என்பது என் கருத்து. சுங்கம் இல்லை, பணம் மாற்றும் செலவு இல்லை, நேரில் பார்க்கலாம். நாணயக் கண்காட்சிகளில் மேசை போடும் வியாபாரிகளிடம் பிரெஞ்சு நோட்டு இருக்கிறதா என்று கேட்டால், கல்லாவுக்கு அடியிலிருந்து ஓர் ஆல்பத்தை எடுப்பார்கள். வாங்காவிட்டாலும் கையில் எடுத்துப் பாருங்கள். தாளைத் தொட்டுத் தெரிந்துகொள்வதைப் படத்தில் தெரிந்துகொள்ள முடியாது.

6. கைக்கு வந்து சேரும் விலையைக் கணக்கிடுங்கள்

ஏலத்தில் விழும் விலை உங்கள் செலவு அல்ல. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நோட்டு 100 யூரோவுக்கு விழுகிறது. ஏல நிறுவனத்தின் கமிஷன் 20 சதவீதம் என்றால் 120. பதிவுத் தபாலும் காப்பீடும் 25 யூரோ, ஆக 145. கார்டு கம்பெனி அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதம் எடுத்தால் 150. சுங்கத் தீர்வையும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 29. ஆக 180 பக்கம் வந்துவிட்டது. தீர்வை விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் வாங்கும் நாளில் உள்ளதைப் பாருங்கள். ஏலம் கேட்கும்போது இந்த 180-ஐ மனதில் வைத்துக்கொண்டு எங்கே நிறுத்துவது என்று முன்பே எழுதி வையுங்கள்.

தபால் செலவு ஒரு நோட்டுக்கும் ஐந்து நோட்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குங்கள். ஒரு மாதம் வரை சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பச் சொன்னால் பலர் சம்மதிப்பார்கள்.

பணம் அனுப்ப கார்டு போதும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை புதிய கார்டுகளில் மூடியே இருக்கும். வங்கியின் செயலியில் போய் நீங்கள்தான் திறக்க வேண்டும். பெரிய தொகையை வங்கி மூலம் அனுப்புவதானால் வங்கி தரும் படிவம், பான், விற்பவரின் பில் மூன்றும் வேண்டும். கிளையில் இதைச் செய்து பழகாதவர்கள் இருந்தால் இரண்டு மூன்று நாள் இழுக்கும். ஏல நிறுவனங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான் தவணை தருவதால், ஏலம் முடிந்த மறுநாளே வேலையைத் தொடங்குங்கள். பில் கைக்கு வராமல் பணம் அனுப்ப வேண்டாம்.

7. சுங்கம்: பார்சல் கிளம்பும் முன்பே செய்ய வேண்டியவை

அதிகம் சிக்குவது இங்கேதான். உறையின் மேல் "வங்கி நோட்டு" என்று மட்டும் எழுதியிருந்தால் அதிகாரி அதைப் புழக்கத்தில் உள்ள பணம் என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. புழக்கத்தில் உள்ள நோட்டுக்குச் சுங்கப் பட்டியலில் ஒரு தலைப்பு, சேகரிப்புப் பொருளுக்கு வேறு தலைப்பு. உங்களுக்குரியது 9705. அதிலேயே நாணயம், நோட்டுச் சேகரிப்புக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்டதற்கு 9705.31, மற்றதற்கு 9705.39 என்று பிரித்திருக்கிறார்கள். விற்பவரிடம் சொல்லி இந்த எண்ணைப் பில்லிலும் சுங்க அறிவிப்புச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். அதோடு "சேகரிப்புக்கான பழைய நோட்டு, புழக்கத்தில் இல்லாதது" என்று ஆங்கிலத்தில் தெளிவாக ஒரு வரி. பில்லில் நாடு, மதிப்பு, பிக் எண், சீரியல் எண் நான்கும் இருக்க வேண்டும்.

"பரிசு என்று போட்டுவிடட்டுமா? விலையைக் குறைத்துப் போடட்டுமா?" என்று சில விற்பனையாளர்கள் அவர்களாகவே கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பரிசுப் பொருளுக்கு இருந்த தீர்வை விலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. விலையைக் குறைத்துப் போட்டால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும். அதிகாரி இணையத்தில் தேடி உண்மை விலையைக் கண்டுபிடித்தால் அபராதம் வரும்.

கூரியரா, தபாலா என்ற கேள்வி அடுத்து வரும். பல கூரியர் நிறுவனங்கள் நோட்டு என்றாலே எடுக்காது. எடுத்தாலும் இங்கே ஆதார் அல்லது பான் கொடுத்து அடையாளச் சரிபார்ப்பு முடித்தால்தான் பார்சல் நகரும். பதிவு செய்து காப்பீடு செய்த தபால்தான் எனக்கு ஒத்துவந்தது. மெதுவாகத்தான் வரும். மூன்று முதல் ஆறு வாரம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தீர்வையைத் தபால்காரரிடமே கட்டலாம்.

பார்சல் நின்றுவிட்டால் பதறாதீர்கள். கடிதமோ மின்னஞ்சலோ வரும். அதற்குள் ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும்:

விற்பவரின் பில், பணம் கட்டியதற்கான வங்கி அல்லது கார்டு ஆதாரம், விற்பனைப் பக்கத்தின் அச்சு, நோட்டின் இரு பக்கப் படம், உங்கள் அடையாள அட்டை நகல், அப்புறம் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். அந்தக் கடிதத்தில் மூன்று விஷயம் போதும்: இது எந்த வங்கி எந்த நாட்டுக்காக வெளியிட்ட நோட்டு, அந்தப் பணம் இன்று எங்கும் செல்லாது, சொந்தச் சேகரிப்புக்காக வாங்குகிறேன். என் பார்சலை விடுவித்தது இந்தக் கடிதம்தான். கதை எழுதாதீர்கள். படிக்கும் அதிகாரிக்கு இந்தோசீனா வங்கி என்ற பெயரே புதிதாக இருக்கும். அவர் கோப்பில் எழுதத் தேவையான வாக்கியத்தை நீங்களே தெளிவாகக் கொடுத்துவிட்டால் அவருக்கும் வேலை சுலபம்.

8. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களிடம் வாங்கும்போது

பிரெஞ்சு அரசு வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் சைகோன் போய் வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். செட்டியார்கள் அங்கே வட்டிக் கடை வைத்திருந்தார்கள். அதனால் டிரங்குப் பெட்டியில், பழைய பாஸ்போர்ட்டுக்குள், பத்திரக் கட்டுக்குள் பியாஸ்தர் நோட்டு இன்னும் கிடைக்கிறது.

இப்படி வாங்கும்போதும் எழுத்து வேண்டும். விற்பவர் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், நோட்டின் சீரியல் எண், கொடுத்த தொகை, தேதி, கையெழுத்து. வீட்டில் ஒருவர் விற்க, இன்னொருவர் வந்து "அது தாத்தாவுடையது, எங்களைக் கேட்கவில்லை" என்று நிற்பது நடக்கும். குடும்பத்தில் இரண்டு பேர் கையெழுத்திட்டால் நல்லது. நியாயமான விலையைச் சொல்லுங்கள். மதிப்புத் தெரியாத பெரியவரிடம் பத்தில் ஒரு பங்குக்கு வாங்குவதை நான் சாமர்த்தியம் என்று நினைக்கவில்லை. அந்த நோட்டோடு கடிதம், சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கெட் ஏதாவது இருந்தால் அவற்றைப் பிரிக்காமல் படம் எடுத்து வையுங்கள். யார், எந்த ஆண்டு, எந்த ஊரில் இருந்தார் என்று கேட்டு எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

9. வைக்கும் முறை

பளபளப்பான மலிவு ஆல்பங்கள் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்கில் செய்தவை. வருடம் போகப் போகக் கசிந்து நோட்டில் ஒட்டும். பாலியெஸ்டர் உறை, மைலார் என்று கேட்டால் கொடுப்பார்கள். விலை கூடுதல்தான், ஆனால் இதில் சிக்கனம் வேண்டாம். கடற்கரை ஊர்களில் ஈரம்தான் முதல் எதிரி. உறைகளை மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பொட்டலத்தை மாற்றுங்கள். லேமினேஷன் கூடாது, செல்லோ டேப் கூடாது, நீங்களாகக் கழுவவும் கூடாது. அந்துருண்டையை நோட்டு இருக்கும் பெட்டிக்குள் போடாதீர்கள்.

10. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன்

விற்கவோ தரமிடவோ ஒரு நோட்டை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் ஏற்றுமதிதான். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. இந்த வங்கியின் நோட்டுகள் பல இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன, ஒவ்வோர் ஆண்டும் இன்னும் சில தாண்டும். உங்கள் நோட்டு அந்த வயதுக்குப் பக்கத்தில் இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள். நோட்டையும் படங்களையும் எடுத்துப் போக வேண்டியிருக்கும், நிபுணர் குழு பார்க்கும் நாள்வரை காத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் வாங்கி இங்கே கொண்டுவந்த நோட்டு என்றால், ஏழாவது படியில் சேர்த்த பில்லும் சுங்க ரசீதும் அது எப்போது உள்ளே வந்தது என்பதற்கு ஆதாரம். அவற்றின் நகலை விண்ணப்பத்தோடு வையுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகே ஏல நிறுவனத்திடம் தேதி பேசுங்கள். ஏலப் பட்டியல் அச்சுக்குப் போவது ஏலத்துக்குப் பல வாரம் முன்பே என்பதால், அதற்கு முன் நோட்டு அங்கே இருக்க வேண்டும்.